குழந்தைகளின் கார்டிசோல் அளவில் மரபணுவின் பங்கு எவ்வளவு?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003ஆம் ஆண்டில் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். பன்னிரண்டு வயதுடைய 180 இரட்டையர் இணைகளிடமிருந்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பல வேளைகளில் உமிழ்நீரைச் சேகரித்து, அதிலுள்ள கார்டிசோல் என்ற ஹார்மோனின் அளவை அவர்கள் கணித்தார்கள். தூங்கி எழுந்து சுமார் 45 நிமிடங்கள் கழித்து எடுத்த உமிழ்நீரில், குழந்தைக்குக் குழந்தை காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மரபணு வேறுபாடுகளே காரணம் என்று தெரிந்தது. பிற்பகலிலும் மரபணுவின் பங்கு இருந்தது. ஆனால் அது காலை அளவுக்கு இல்லை. இரவில் எடுத்த உமிழ்நீரிலோ குறிப்பிடத்தக்க மரபணுப் பங்கு எதுவும் தென்படவில்லை.

அதே குழந்தைகள், அதே நாட்கள், அதே ஹார்மோன். அப்படியிருக்க, காலையில் ஓங்கியிருந்த மரபணுவின் கை இரவுக்குள் எங்கே போனது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால், "இவன் அப்பா மாதிரியே பயந்த சுபாவம்" என்று வீடுகளில் நாம் சாதாரணமாகச் சொல்லிவிடும் பேச்சில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதும், அந்த உண்மைக்கு எல்லை எங்கே என்பதும் ஓரளவு விளங்கிவிடும்.

முதலில் கார்டிசோல். நம் இரு சிறுநீரகங்களின் மேலும் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளின் வெளி அடுக்கான புறணியில் இது உருவாகிறது. மன அழுத்த ஹார்மோன் என்ற பெயர் இதற்கு நிலைத்துவிட்டதால், உடலுக்கு வேண்டாத ஏதோ ஒரு நஞ்சு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. கார்டிசோல் இல்லாமல் உயிர் வாழ முடியாது. உணவு இல்லாத வேளையில் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிடாமல் காப்பது, இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, நோயெதிர்ப்பு வினைகள் எல்லை மீறாமல் அடக்குவது எல்லாம் இதன் அன்றாட வேலை. ஆபத்தோ அச்சமோ நேரும்போது இதே ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, உடலின் ஆற்றலை அந்த நேரத்துத் தேவைக்குத் திருப்பிவிடுகிறது.

சுரப்புக்கான கட்டளை மூளையிலிருந்து வருகிறது. ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சிஆர்எச் என்ற ஹார்மோனை வெளியிட, அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை இரத்தத்தில் அனுப்ப, அது அட்ரினலை அடைந்து கார்டிசோலைச் சுரக்கவைக்கிறது. சுரந்த கார்டிசோல் மூளைக்குத் திரும்பிப் போய், அங்கே ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் அமர்ந்து, போதும் என்ற செய்தியைச் சொல்கிறது. மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் உள்ளே இருக்கும் மிதவை உயர்ந்து தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுவதைப் போல, இந்த ஹார்மோன் தன் வரத்தைத் தானே நிறுத்திக்கொள்கிறது. கட்டளையிடும் ஹார்மோன்கள், கார்டிசோலைத் தயாரிக்கும் நொதிகள், அதை இரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம், மூளையிலுள்ள ஏற்பிகள் என்று இந்தச் சுற்றின் ஒவ்வொரு கண்ணியையும் ஏதோ ஒரு மரபணுவின் குறிப்பைக் கொண்டுதான் உடல் உருவாக்குகிறது. ஆகவே மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள் கார்டிசோல் அளவிலும் வேறுபாட்டை உண்டாக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

இந்தச் சுரப்புக்கு ஒரு தினசரி ஒழுங்கும் உண்டு. விடியலை ஒட்டி உயரத் தொடங்கும் கார்டிசோல், கண் விழித்த பின் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்களுக்குள் இன்னொரு துள்ளலாக ஏறி உச்சத்தைத் தொட்டுவிட்டு, பகல் முழுவதும் படிப்படியாக இறங்கி நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வருகிறது. பிறந்த குழந்தையிடம் இந்த ஏற்ற இறக்கம் இருப்பதில்லை. இரவு பகல் வேறுபாடு பழகும் முதல் சில மாதங்களில்தான் அது மெல்ல உருவாகிறது. எனவே, ஒரு குழந்தையின் கார்டிசோல் எவ்வளவு என்று கேட்டால், எந்த வேளையில் என்ற எதிர்க்கேள்வி இல்லாமல் பதில் சொல்லவே இயலாது.

அளக்கும் முறையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்பது நல்லது. ஏனெனில் இந்தத் துறையின் பாதிச் சிக்கல்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. குழந்தையின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தால், அந்தப் பயத்திலேயே கார்டிசோல் ஏறிவிடக்கூடும். அதனால் ஆய்வாளர்கள் உமிழ்நீரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் கார்டிசோலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு செயலற்று இருக்கும். ஒட்டாமல் இருக்கும் சிறு பகுதிதான் செல்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. உமிழ்நீருக்கு வந்து சேர்வது அந்தச் செயல்படும் பகுதி மட்டுமே.

குழந்தை கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன், எதையும் குடிப்பதற்கு முன், ஒரு சிறு பஞ்சுச் சுருளை வாயில் வைத்து ஓரிரு நிமிடங்கள் மென்று ஒரு குழாயில் போட வேண்டும். பல் துலக்கினால் ஈறிலிருந்து கசியும் இரத்தம் உமிழ்நீரில் கலந்து அளவைக் கெடுத்துவிடும். பால் குடித்தால் பாலில் உள்ள மாட்டின் கார்டிசோல் கலந்துவிடலாம். குழாயின் மேல் நேரத்தை எழுதி, குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அரைமணிக்கும் முக்கால் மணிக்கும் இடையே மறுபடியும் எடுக்க வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு வீட்டில் இது எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எழுந்து இருபது நிமிடங்கள் கழித்து எடுத்துவிட்டு "எழுந்தவுடன்" என்று எழுதிவிட்டால், காலைத் துள்ளல் இல்லாத குழந்தை என்ற தவறான முடிவு வந்துவிடும். இதற்காகவே சில ஆய்வுகளில், மூடியைத் திறந்த நேரத்தைத் தானே பதிவுசெய்யும் மின்னணுப் புட்டிகளில் பஞ்சை வைத்துக் கொடுக்கிறார்கள்.

இப்போது இரட்டையரிடம் வருவோம். ஒரே கருமுட்டையிலிருந்து பிரிந்த இரட்டையர்களின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவான இரட்டையர்கள், பிற உடன்பிறப்புகளைப் போலவே, பெற்றோரிடமிருந்து வரும் மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதியைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆனால் இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே வயதில், ஒரே பெற்றோரிடம் வளர்கிறார்கள். ஆகவே முதல் வகை இரட்டையர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்கும் அளவு, இரண்டாம் வகையினரின் ஒப்புமையை விட எவ்வளவு அதிகமோ, அந்த மிகுதி மரபணுவிலிருந்து வந்தது என்று கருதலாம்.

எடுத்துக்காட்டுக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். முதல் வகை இரட்டையரின் காலை கார்டிசோல் அளவுகளுக்கு இடையேயான ஒட்டுறவு (இருவரின் அளவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்; முழுவதும் ஒத்துப்போனால் அது 1) 0.65 என்றும், இரண்டாம் வகையினருக்கு அது 0.35 என்றும் கொள்வோம். வித்தியாசம் 0.30. இரண்டாம் வகையினருக்கும் பாதி மரபணு பொதுவாக இருப்பதால், இந்த வித்தியாசம் மரபணுத் தாக்கத்தின் பாதியையே காட்டுகிறது. அதை இரட்டித்தால் 0.60, அதாவது 60 சதவீதம். முதல் வகையினரின் 0.65இலிருந்து இந்த 0.60ஐக் கழித்தால் மிஞ்சும் 0.05, இரட்டையர் இருவருக்கும் பொதுவான வீட்டுச் சூழலின் பங்கு. ஒன்றை எட்டுவதற்குக் குறையும் 0.35, ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அனுபவங்களின் பங்கு. இன்றைய ஆய்வுகள் இதைவிட நுட்பமான புள்ளியியல் மாதிரிகளைப் பயன்படுத்துகின்றன என்றாலும், அடிப்படைக் கணக்கு இதுதான். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நேரம் தவறி எடுத்த பஞ்சு, ஆய்வகத்தில் நேர்ந்த பிழை ஆகிய எல்லாக் கோளாறுகளும் அந்தக் கடைசி 0.35க்குள் போய் ஒளிந்துகொள்கின்றன. அளவீடு மோசமாக இருந்தால், மரபணுவின் பங்கு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும்.

இப்படிக் கிடைக்கும் எண்ணை மரபுப் பங்கு என்று அழைப்போம். இந்தத் துறையில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த எண்தான் என்பதால் இங்கே சற்று நிதானிக்க விரும்புகிறேன். மரபுப் பங்கு 60 சதவீதம் என்றால், உங்கள் மகளின் உடலிலுள்ள கார்டிசோலில் 60 சதவீதம் மரபணுவிலிருந்தும் 40 சதவீதம் சூழலிலிருந்தும் வந்தது என்று பொருள் அல்ல. ஒரு தனிக் குழந்தையைப் பற்றி அந்த எண் எதையுமே சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் உள்ள குழந்தைகள் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுகிறார்களே, அந்த வேறுபாட்டின் மொத்தப் பரப்பில் எவ்வளவு பகுதியை மரபணு வேறுபாடுகளால் விளக்க முடியும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. கூட்டம் மாறினால் எண் மாறும். எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே விதமான பாதுகாப்பான சூழலில் வளர்ந்தால், சூழலால் வரும் வேறுபாடு சுருங்கிவிடுவதால், மரபணுவின் பங்கு சதவீதக் கணக்கில் பெரிதாகத் தெரியும். மரபணுக்கள் எதுவும் மாறாமலே இது நிகழும். நெதர்லாந்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளிடம் கிடைத்த எண்ணை அப்படியே எடுத்து வேறொரு நாட்டின் குழந்தைகள் மேல் ஒட்டுவது சரியல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இனி, காலைக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு. தூங்கி எழுவது என்பது எல்லாக் குழந்தைக்கும் பொதுவான நிகழ்ச்சி. அந்த நேரத்துக்குள் ஆசிரியர் திட்டியிருக்க மாட்டார், நண்பனோடு சண்டை வந்திருக்காது, பேருந்து தவறியிருக்காது. வெளியுலகம் இன்னும் கை வைக்காத அந்த முக்கால் மணி நேரத்தில், உடலின் கட்டமைப்பில் உள்ள வேறுபாடுகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. பொழுது ஏற ஏற, ஒவ்வொரு குழந்தையின் நாளும் வெவ்வேறு வழியில் பிரிந்துபோகிறது; அந்தந்த நாளின் நிகழ்ச்சிகள் கார்டிசோலில் பதிந்து, மரபணுவின் தடத்தை மூடிவிடுகின்றன. இதை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வீட்டில் இருக்கும் சிறு குழந்தைகளின் கார்டிசோல் காலையிலிருந்து பிற்பகலுக்குள் இறங்குவதே வழக்கம். ஆனால் முழுநாள் குழந்தைகள் காப்பகங்களில் விடப்படும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளில் பலருக்கு அது இறங்காமல் ஏறுவதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மேகன் கன்னரும் அவரது குழுவினரும் மீண்டும் மீண்டும் கண்டிருக்கிறார்கள். அதே குழந்தைகள் விடுமுறை நாளில் வீட்டில் இருக்கும்போது அந்த ஏற்றம் காணப்படவில்லை. பிற்பகல் அளவு எவ்வளவு தூரம் இடத்தையும் உடனிருப்போரையும் சார்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உமிழ்நீருக்கு மாற்றாக இப்போது தலைமுடியும் பயன்படுகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போது அதனுள் கார்டிசோல் படிந்துவிடுவதால், உச்சந்தலையை ஒட்டி வெட்டிய மூன்று சென்டிமீட்டர் முடி கடந்த மூன்று மாதங்களின் சராசரிச் சுரப்பைக் காட்டுகிறது. அன்றன்றைய நிகழ்ச்சிகள் இந்தச் சராசரியில் கரைந்துவிடுகின்றன. 2017இல் வெளியான ஓர் இரட்டையர் ஆய்வில், பதின்வயதினரும் இளைஞர்களும் அடங்கிய குழுவில், முடியிலுள்ள கார்டிசோலின் மரபுப் பங்கு சுமார் 72 சதவீதமாக இருந்தது.

எந்த மரபணுக்கள் என்ற கேள்விக்கு வரும்போது நாம் எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2014இல் கார்நெட் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு, ஐரோப்பிய வம்சாவளியைச் சேர்ந்த 12,597 பேரின் மரபணுத் தொகுப்பை முழுவதும் அலசி, காலை நேர இரத்தக் கார்டிசோலோடு தொடர்புடைய இடங்களைத் தேடியது. தெளிவாகக் கிடைத்தது ஒரே ஓர் இடம்: பதினான்காவது குரோமோசோமில், கார்டிசோலைச் சுமந்து செல்லும் புரதத்தை உருவாக்கும் செர்பினா 6 என்ற மரபணு இருக்கும் பகுதி. அங்குள்ள வேறுபாடுகளும் மொத்த வேறுபாட்டில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதியைத்தான் விளக்கின. இரட்டையர் ஆய்வு காட்டும் பெரிய பங்குக்கும், கண்டுபிடிக்கப்பட்ட இந்தச் சிறு துண்டுக்கும் இடையே இருக்கும் தூரம், மிகச் சிறிய தாக்கம் கொண்ட ஏராளமான மரபணு வேறுபாடுகள் சேர்ந்து இந்த அளவைத் தீர்மானிக்கின்றன என்பதையே உணர்த்துகிறது. ஆகவே, உமிழ்நீரை அனுப்பினால் உங்கள் குழந்தையின் மன அழுத்த மரபணுவைச் சொல்கிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அப்படி ஒரு தனி மரபணு இல்லை.

இருந்தாலும், இந்தச் சுற்றின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள உதவும் ஒரு மரபணுவைக் குறிப்பிட்டாக வேண்டும். எஃப்கேபிபி5 என்பது அதன் பெயர். கார்டிசோல் மூளையில் அமரும் ஏற்பியோடு இந்த மரபணு உருவாக்கும் புரதம் சேர்ந்துகொண்டு, கார்டிசோலைப் பிடிக்கும் ஏற்பியின் திறனைக் குறைக்கிறது. கார்டிசோல் கூடும்போது இந்தப் புரதமும் கூடுதலாக உருவாகும். சிலருக்குள்ள ஒரு மரபணு வடிவத்தில் இந்தப் புரதம் வழக்கத்தைவிட அதிகமாக உருவாகிறது; அப்போது போதும் என்ற செய்தி மூளைக்குத் தாமதமாகப் போய்ச் சேர, ஏறிய கார்டிசோல் இறங்குவதற்கு நேரமாகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஜெனரேஷன் ஆர் என்ற பெரிய ஆய்வின் பகுதியாக, பதினான்கு மாதக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்து மீண்டும் சேர்த்தபோது நேர்ந்த கார்டிசோல் மாற்றத்தைப் பார்த்தார்கள். இந்த மரபணு வடிவமும், தாய் திரும்பி வந்த பின்னும் சமாதானம் ஆகாமல் முரண்டு பிடிக்கும் பாதுகாப்பற்ற பிணைப்பும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருந்தபோது ஏற்றம் மிக அதிகமாக இருந்தது. ஒரு மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட இத்தகைய ஆய்வுகளில் பல, பிற குழுக்களில் சோதித்தபோது உறுதிப்படவில்லை என்பதால், இதையும் ஒரு வழிகாட்டும் குறிப்பாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு மரபணு கார்டிசோலின் அளவை முழுவதும் கவிழ்த்துவிடும் நிலையும் உண்டு. அட்ரினல் சுரப்பி கொலஸ்டிராலிலிருந்து பல படிகளில் கார்டிசோலைத் தயாரிக்கிறது. அந்தப் படிகளில் ஒன்றை நடத்தும் நொதிக்கான குறிப்பு, ஆறாவது குரோமோசோமிலுள்ள சிஒய்பி21ஏ2 என்ற மரபணுவில் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இதன் பழுதான பிரதிகளே ஒரு குழந்தைக்கு வந்துசேர்ந்தால், பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி என்ற நோய் வருகிறது. கார்டிசோல் உருவாகாததால் போதும் என்ற செய்தி மூளைக்குப் போவதே இல்லை; பிட்யூட்டரி விடாமல் தூண்டிக்கொண்டே இருக்க, அட்ரினல் பெருத்து, கார்டிசோலாக மாற முடியாத மூலப்பொருள்கள் ஆண்தன்மை ஹார்மோன்களாகத் திசைதிரும்புகின்றன. பெண் குழந்தைகள் பிறக்கும்போதே பிறப்புறுப்பு மாற்றத்தால் இது கவனத்துக்கு வந்துவிடும். ஆண் குழந்தைகளிடம் வெளியே எதுவும் தெரியாது. நோய் கடுமையாக இருந்தால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாந்தி எடுத்து, உடலில் உப்பும் நீரும் இழந்து, காரணம் புரியாமலே குழந்தை இறந்துவிடக்கூடும்.

உலக அளவில் சுமார் 15,000 பிறப்புகளில் ஒன்றுக்கு வரும் இந்த நோய் நம் பகுதியில் அதைவிட அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடத்திய பரிசோதனையில், நாட்டுச் சராசரி சுமார் 5,800க்கு ஒன்று என்றும், சென்னையில் சுமார் 2,000க்கு ஒன்று என்றும் தெரியவந்தது. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்துகொள்ளும் வழக்கம் இருக்கும் குடும்பங்களில், கணவன் மனைவி இருவரும் ஒரே பழுதான பிரதியைச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பிறந்த சில நாட்களில் குழந்தையின் குதிகாலில் சிறு துளையிட்டு எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திலேயே இதைக் கண்டறிய முடியும். கண்டறிந்துவிட்டால், உருவாகாத கார்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைத் தினமும் பிரித்துக் கொடுத்து, உப்பு இழக்கும் குழந்தைகளுக்கு ஃப்ளூட்ரோகார்டிசோனும் சேர்த்து, காய்ச்சல் வரும் நாட்களில் மருத்துவர் சொன்னபடி ஹைட்ரோகார்டிசோன் அளவை இரண்டு மூன்று மடங்காக்கினால், குழந்தை பள்ளிக்குப் போய் விளையாடி வளரும். முழுக்க முழுக்க மரபணுவால் வரும் ஒரு குறையை விலை மலிவான ஒரு மாத்திரை ஈடுசெய்கிறது. மரபணுவால் வந்தது என்றால் மாற்றவே முடியாது என்று யாராவது சொல்லும்போது, நான் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த நோயைத்தான்.

சாதாரணக் குழந்தைகளிடம் திரும்புவோம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், பத்தொன்பது மாத இரட்டையர்களை அவர்களுக்குப் பழக்கமில்லாத சூழ்நிலைகளில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்தார்கள். அச்சம் தோன்றிய பிறகு கார்டிசோல் உச்சத்தை எட்ட இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால் இரண்டாவது பஞ்சை உடனே எடுக்காமல் காத்திருந்தே எடுக்க வேண்டும். 2008இல் வெளியான அந்த ஆய்வில் குடும்பங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: வறுமை, மிக இளவயதுத் தாய்மை, குறைந்த கல்வி, தாயிடம் பகைமை போன்ற இடர்கள் குறைவாக இருந்த வீடுகள் ஒரு பக்கம், அவை பல சேர்ந்திருந்த வீடுகள் மறுபக்கம். இடர் குறைந்த வீடுகளில் கார்டிசோல் மாற்றத்தின் வேறுபாட்டில் சுமார் 40 சதவீதம் மரபணுவால் வந்தது. இடர் மிகுந்த வீடுகளில் மரபணுவின் பங்கு காணாமல் போய், சூழல் மட்டுமே எஞ்சியது. கூட்டம் மாறினால் எண் மாறும் என்று மேலே சொன்னது, ஒரே மாநிலத்துக் குழந்தைகளுக்குள்ளேயே இங்கே கண்ணெதிரே நடக்கிறது.

வேறொரு பழைய ஆய்வு இதையே தனிக் குழந்தைகளின் நிலையில் காட்டுகிறது. 1996இல் கன்னரின் குழுவினர், பதினெட்டு மாதக் குழந்தைகளைப் புதிய, கொஞ்சம் பயமூட்டும் பொம்மைகளோடும் ஆட்களோடும் ஓர் அறையில் விட்டார்கள். தாய் அருகில் இருந்தார். இயல்பிலேயே கூச்சமும் பயமும் அதிகம் உள்ள குழந்தைகள் தாயை இறுகப் பற்றிக்கொண்டார்கள். அந்தக் கூச்ச சுபாவத்தில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆனால் பயந்த குழந்தைகள் எல்லாருடைய கார்டிசோலும் ஏறவில்லை. தாயோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்த பயந்த குழந்தைகளுக்கு அது ஏறவே இல்லை. அந்தப் பிணைப்பு இல்லாத பயந்த குழந்தைகளுக்கு மட்டும் ஏறியது. முகத்தில் தெரிந்த பயம் இருவரிடமும் இருந்தது. உடலுக்குள் நடந்தது வேறு வேறு. பயந்த பிள்ளையை "இதுக்கெல்லாம் பயப்படலாமா" என்று விலக்கித் தள்ளுவதற்கும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இங்கே ஹார்மோன் அளவாகவே வெளிப்படுகிறது.

சூழல் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு ஒரு விடை எலிகளிடமிருந்து கிடைத்தது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியும் உடன் உழைத்தவர்களும், சில தாய் எலிகள் குட்டிகளை அடிக்கடி நக்கிப் பராமரிப்பதையும் சில அவ்வாறு செய்யாததையும் கவனித்தார்கள். அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்த பின் அச்சத்திலிருந்து விரைவில் மீண்டன. 2004இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, அக்குட்டிகளின் மூளையில் கார்டிசோல் வகை ஹார்மோன்களுக்கான ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் முன்பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் குறைவாக இருந்தன. அதனால் அந்த மரபணு கூடுதலாக இயங்கி, ஏற்பிகள் அதிகமாக உருவாகியிருந்தன. ஒரு தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் வளரவிட்டபோது, குட்டி பெற்ற தாயைப் பின்பற்றாமல் வளர்த்த தாயைப் பின்பற்றியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை, அது எவ்வளவு படிக்கப்படுகிறது என்பது மாறியது. மனிதக் குழந்தைகளிடமும் இதை ஒத்த மாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளையிலிருந்து செல்லை எடுக்க முடியாது. இரத்தத்திலோ உமிழ்நீரிலோ காணும் மெத்தில் குறி மூளையிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால், எலியின் கதையை நேரடியாகக் குழந்தைக்கு மாற்றிவிடக் கூடாது.

மனிதக் குழந்தைகளிடம் உள்ள சான்றுகளில் மிக வலுவானது ருமேனியாவிலிருந்து வருகிறது. அந்நாட்டுச் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விட்டுச்சென்ற அநாதை இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளை, தலைநகர் புகாரெஸ்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. குலுக்கல் முறை என்பதால், இரு பிரிவுகளுக்கும் இடையே சராசரியாக மரபணு வேறுபாடு இருக்கக் காரணமில்லை. சுமார் பன்னிரண்டு வயதில் அவர்களை மேடையேறிப் பேசுவது போன்ற பதற்றமூட்டும் பணிகளைச் செய்யச் சொன்னபோது, குலுக்கலில் வளர்ப்புக் குடும்பம் கிடைக்காத பிரிவைச் சேர்ந்த குழந்தைகளின் கார்டிசோல் சரிவர ஏறவில்லை. உடல் மறுமொழி சொல்லாமல் மழுங்கிக் கிடந்தது. கார்டிசோல் குறைவு என்பது எப்போதும் நிம்மதியின் அடையாளம் அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் மறுமொழி, சாதாரணக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுடையதை ஒத்திருந்தது. இரண்டு வயதுக்குள் போய்ச் சேர்ந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது.

இரண்டு வயதைத் தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெளிநாட்டு அநாதை இல்லங்களிலிருந்து அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்து வந்த குழந்தைகளைக் கன்னரின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2019இல் முடிவை வெளியிட்டது. பருவமடைவதற்கு முன் மழுங்கியிருந்த அவர்களின் கார்டிசோல் மறுமொழி, பருவமடையும் ஆண்டுகளில் மெல்லத் திரும்பி, பிறந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைகளின் அளவை நெருங்கியது. மரபணுத் தொகுப்பு பிறந்த நாளிலிருந்து அதேதான். ஆனால் நல்ல வீடு கிடைத்த பிள்ளைகளிடம், பருவ வயது இந்தச் சுற்றை இன்னொரு முறை சீரமைக்க இடம் கொடுக்கிறது.